கலம் எண் ஏழு

காலை எட்டரைக்கு மழையை ஊற்றி அளப்பது
அரசு வழக்கம்.
எட்டரைக்குப் பின் பெய்வது
நாளைக் கணக்கு.

அன்றைக்கு எமரால்டில் மழைமானி வழிந்து
பாதி சேற்றோடு போயிருந்தது.
மீந்ததை எழுதச் சொன்னார்கள்.
"இதற்கு மேல்" என்று எழுதக் கலத்தில் இடமில்லை.

அந்த எண் குந்தா போய், ஊட்டி போய்,
சேப்பாக்கம் போய்,
மேசைக்கு மேசை கொஞ்சம் காய்ந்து
பள்ளிகளுக்கு விடுமுறையாகத் திரும்பி வந்தபோது
பள்ளிக்குப் போகும் பாதை
முந்தின இரவே விடுப்பில் போயிருந்தது.

நான் கிராம நிர்வாக அலுவலர்.
ஊர் கமுதிப் பக்கம்.
அங்கே பெய்யாததற்கு அறிக்கை எழுதினேன்,
இங்கே இரண்டு வருடமாய்ப் பெய்ததற்கு.
படிவம் என்னவோ ஒன்றுதான்.

முன்னால் உதவியாளர் போஜன்,
அட்டைக்கு உப்புப் பொட்டலம் கட்டிய குச்சியும்
தோளில் அலுவலகக் கடப்பாரையுமாக.
பின்னால் நான்,
பிளாஸ்டிக் உறைக்குள் படிவத்துடன்.
மேல் லைன், கதவு எண் பதினான்கு.
கதவைக் காணோம்.
எண் மட்டும் ஒரு பலகைத் துண்டில் கிடந்தது.

கலம் இரண்டு, பெயர்: தவமணி,
கணவர் செல்வநாயகம், காலமானவர்.
கலம் நான்கு, நிலம்:
வனத்துறை தன்னுடையது என்கிறது,
தேயிலைக் கழகம் தன்னுடையது என்கிறது,
பதினோரு வருடமாய் "நிலுவை" என்றே எழுதி வருகிறோம்.
நேற்றிரவு அந்த மண்
யாரிடமும் மனுப் போடாமல்
ஓடைக்குப் பெயர் மாறிவிட்டது.

கலம் ஏழு.
சேதம்: பகுதி / முழு.
பொருந்தாததை அடிக்கவும்.

வீடு மூன்று பக்கமும் படுத்திருந்தது.
நாலாவது சுவர் நின்றது.
சுவரில் ஆணி, ஆணியில் காலண்டர்,
அதில் ஆடிப்பெருக்கு, கிழிபடாமல்.

பகுதிக்குக் கிடைப்பது
கூரைத் தகரத்துக்கும் காணாது.
தவமணி என் தோளுக்கு மேலாக
எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்:
"சார், அந்தச் செவுரத் தள்ளிட்டா
முழுசு ஆயிருமா?"

சூதில்லாத குரல்.
ரேஷனில் பாமாயில் வந்துவிட்டதா
என்று கேட்கிற அதே குரல்.

எனக்கு மேலே ஆய்வாளர் ஆய்வார்.
வட்டாட்சியர் பரிந்துரைப்பார்.
கோட்டாட்சியர் ஏன் தாமதம் என்பார்.
ஆட்சியர் ஆணையிடுவார்.
கருவூலம் ஒரு எழுத்துப் பிழைக்காகத் திருப்பும்.
அத்தனை பச்சை மையும் நம்பியிருப்பது
இந்தச் சேற்றில் புதைந்த
என் ஒரு ஜோடிச் செருப்பை.

மணி இரண்டு கூட ஆகவில்லை.
"இருட்டிவிட்டது" என்றேன்.
"நாளை காலை எட்டரைக்கு மேல்
வந்து பார்த்து எழுதிக்கொள்கிறேன்."
போஜன் வானத்தைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
இறங்கும்போது அவர் தோளில் குச்சி மட்டும் இருந்தது.
நான் கேட்கவில்லை.

மறுநாள் அங்கே சுவர் இல்லை.
காலண்டர் பேரி மரத்தில் தொங்கியது,
ஆணியோடு, பத்திரமாக,
தேதி கிழிக்கப்பட்டு.
"பகுதி"யின் மேல் கோடு போட்டேன்.
பேனா ஈரத்தில் இரண்டு முறை எழுதவில்லை.
மூன்றாவது முறை எழுதியது.

கார்த்திகையில் ஒரு குறிப்பாணை வந்தது.
பார்வை ஒன்றில் காணும் அறிக்கையின்படி
மேற்படி சுவர் விழுந்தது
எட்டரைக்கு முன்பா, பின்பா?
எந்த நாள் மழையில் சேர்ப்பது?
மூன்று தினங்களுக்குள் விளக்கம் கோரப்படுகிறது.

கேட்டவர் நல்லவர்.
தணிக்கை அவரைக் கேட்கும்.
தணிக்கையை வேறு யாரோ கேட்பார்கள்.

வெளியே மூடுபனி சன்னல் வரை வந்து
உள்ளே வர அனுமதி கேட்பதுபோல் நின்றது.
வெள்ளைத்தாளை இழுத்து "ஐயா" என்று தொடங்கினேன்.
எதிர் மேசையில் போஜன்
இருப்புப் பதிவேட்டைத் திறந்து
சத்தமாகவே வாசித்தார்:
"வாளி, இரண்டு. அரிக்கேன் விளக்கு, ஒன்று, பழுது.
கடப்பாரை, ஒன்று.
இருக்கு சார்."